சைகை மொழிபெயர்ப்பாளர் படிப்பு: திருநெல்வேலியிலிருந்து எங்கே போகலாம், போனால் பிழைக்கலாமா?

நாங்குநேரிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருஷம் படிக்கிறேன். முடித்ததும் சைகை மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்குப் போகலாம் என்று ஓர் எண்ணம். அப்பாவோ "பி.எட். முடி, டெட் எழுது. கையை ஆட்டப் படிக்க ரெண்டு வருஷமா?" என்கிறார்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா பீடி சுற்றுகிறார். பிறவியிலேயே காது கேட்காது, ஆனால் பள்ளிக்கூடம் போனவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டே ஓரளவு கை பழகிவிட்டேன். யூடியூபிலும் பார்க்கிறேன். கிழமை, நிறம் எல்லாம் அக்கா ஒரு மாதிரி காட்டுகிறார், வீடியோவில் வேறு மாதிரி வருகிறது. எதைப் பிடித்துக்கொள்வது? அப்புறம், இவ்வளவு தெரிந்த பிறகும் இரண்டு வருஷம் படிக்கத்தான் வேண்டுமா? நேரே ஒரு பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க முடியாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அல்வாக்கடை_ஓரம்:

டிவி செய்தியில் மூலையில் சின்னப் பெட்டிக்குள் ஒருத்தர் நிற்பாரே, அந்த வேலையா? பெட்டி பெரிசானால் சம்பளமும் கூடுமா?

கோவை_ரெண்டாம்வருஷம்:

மேலே உள்ளவரை விடுங்கள் தங்கச்சி. நான் சங்கரன்கோவில்காரன், இப்போது அந்தப் படிப்பில்தான் இருக்கிறேன்.

இந்திய சைகை மொழிபெயர்ப்புப் பட்டயம் என்பது முழுப் பெயர். பேச்சில் எல்லாரும் "டிஸ்லி" என்போம். இரண்டு வருஷம். ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் 50 சதவீதம் இருந்தால் போதும், எந்த குரூப் என்று பார்ப்பதில்லை. இதற்கெல்லாம் தலைமை மாதிரி டெல்லியில் இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் இருக்கிறது, 2015-ல் தொடங்கியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நமக்குக் கிட்டத்தில் இரண்டு இடம்: திருவனந்தபுரம் ஆக்குளத்தில் நிஷ் (தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம்), கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனம். சீட் கொஞ்சம்தான், சேர்க்கை முறையும் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. அதனால் போன வருஷ நோட்டீசை நம்பாமல் நேரே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். "டி.டி.ஐ.எஸ்.எல்." என்று இன்னொரு பட்டயம் கண்ணில் படும். அது காது கேளாதவர்கள் சைகை மொழி ஆசிரியர் ஆவதற்கு. உங்களுக்கு இல்லை.

யூடியூபில் கற்றவர்கள் எங்கள் வகுப்பிலும் வந்தார்கள். முதல் மாதமே தெரிந்துவிட்டது, அவர்களிடம் இருந்தது வெறும் சொற்கள். எங்களுக்கு மொழி சொல்லிக்கொடுப்பவர் காது கேளாதவர். வகுப்புக்குள் வாயைத் திறக்கக் கூடாது, பேனா வேண்டும் என்றாலும் கையால்தான் கேட்க வேண்டும். நீங்கள் கையையே உற்றுப் பார்த்தால் அவர் தன் முகத்தைச் சுட்டிக் காட்டுவார். பேசுபவரின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும், கை ஓரக்கண்ணில் தானாக விழும். ஆமா இல்லையா என்று கேட்கும் கேள்விக்குப் புருவம் ஏறும், தலை முன்னால் சாயும். புருவத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் காட்டினால் "நீ சாப்பிட்டாய்" என்று முடிந்துபோகும், கேள்வியே இருக்காது.

இலக்கணம் நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை. "உன் பெயர் என்ன" என்பதில் "என்ன" கடைசியில் வருகிறதல்லவா, அங்கேயும் கேள்விக் கை கடைசியில். "நேற்று டாக்டர் வரவில்லை" என்றால் முதலில் நேற்று, அப்புறம் டாக்டர், வருவது, முடிவில் இல்லை. ஆங்கில வரிசையில் காட்டிப் பழகியவர்கள்தான் திணறுகிறார்கள். கடினம் எங்கே என்றால் இடத்தில். ஒரு கதையில் மூன்று அண்ணன் தம்பி வந்தால் மூத்தவனை வலது பக்கம், நடுவுள்ளவனை நடுவில், இளையவனை இடது பக்கம் என்று காற்றில் நிறுத்திவிடுவோம். அதன் பிறகு யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கை போகும் திசைதான் சொல்லும். பாதியில் யாரை எங்கே வைத்தோம் என்று குழம்பினால் மூத்தவன் பங்கு இளையவனுக்குப் போய்விடும்.

பாளை_பாண்டியன்:

எனக்கு அம்மா அப்பா இரண்டு பேருக்கும் காது கேட்காது. இரண்டு பேரும் பாளை காது கேளாதோர் பள்ளியில் படித்தவர்கள். ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் 1890-களில் ஆரம்பித்த பள்ளி, நாட்டிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நூறு வருஷத்துக்கு மேலாகத் தென்மாவட்டம் முழுக்க இருந்து பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படித்த ஊர் இது. வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ, ராத்திரி விடுதியில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது ஒரு தனிக் கை. அது பாளையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் தெரு அக்கா காட்டுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

எது சரி என்று கேட்டீர்கள். இரண்டும் சரி. டெல்லி மையம் வெளியிட்ட அகராதி 2018-ல் 3,000 சொல், அடுத்த வருஷம் 6,000, 2021-ல் 10,000 என்று வளர்ந்தது. அதையும் படியுங்கள், வெளியூர் ஆளோடு பேச, கோர்ட்டில் நிற்க அது வேண்டும். ஆனால் அகராதிச் சொல்லைக் காட்டி அக்காவைத் திருத்தப் போகாதீர்கள். ஊருக்கு ஊர் மாறுவது பெரும்பாலும் சொற்கள்தான், வாக்கியம் கட்டும் விதம் நாடு முழுக்க ஏறக்குறைய ஒன்றே. பெண் என்றால் மூக்குத்தி இடத்தில் விரல், ஆண் என்றால் மீசை, நல்லது என்றால் கட்டைவிரல், கெட்டது என்றால் சுண்டுவிரல், இதெல்லாம் எங்கே போனாலும் செல்லும்.

இன்னொன்று. நான் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போதே அப்பாவுக்காகப் பேசுவேன். கரண்ட் ஆபீஸ், ரேஷன் கடை, வட்டிக்காரர் எல்லா இடத்துக்கும். அதனால் எனக்கு மொழி தெரியும். பயிற்சிக்குப் போகும் வரை மொழிபெயர்ப்பு தெரியாது! அப்பா ஒரு மணி நேரம் சண்டை போட்டால் நான் வட்டிக்காரரிடம் "அடுத்த வாரம் தர்றாராம்" என்று முடித்துவிடுவேன். வீட்டு மானம் போகக் கூடாதே. என்னைப் போன்ற பிள்ளைகளுக்கே அந்தப் பயிற்சி தேவைப்படுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குறுக்கு வழி கேட்காதீர்கள், இரண்டு வருஷமும் படியுங்கள்.

கைபேசி:

எனக்குக் காது கேட்காது. 40 வயதுக்கு மேல். பெயரைப் பார்த்துச் சிரிக்கலாம், நானேதான் வைத்தேன்.

நாங்குநேரிக்காரி தங்கச்சிக்கு நேராகச் சொல்கிறேன். கற்க வருகிறவர்கள் நிறையப் பேர். எங்கள் கூட்டத்துக்கு வருவார்கள், எங்களைப் போலவே கை தட்டாமல் கையை உயர்த்தி ஆட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். அடுத்த மாதம் "சைகை மொழி பயிற்சி தரப்படும்" என்று போர்டு. கற்றுக்கொடுத்த எங்களுக்கு டீ கூட இல்லை.

எனக்கு வேண்டிய மொழிபெயர்ப்பாளர் எப்படி இருக்க வேண்டும் தெரியுமா? நான் கோபப்பட்டால் அவர் குரலில் கோபம் வர வேண்டும். நான் கெட்ட வார்த்தை சொன்னால் அவர் கெட்ட வார்த்தை சொல்ல வேண்டும். "அவர் என்ன சொல்கிறார் என்றால்..." என்று ஆரம்பிக்கக் கூடாது. நான் "எனக்குப் பணம் வரவில்லை" என்றால் அவரும் "எனக்குப் பணம் வரவில்லை" என்றே சொல்ல வேண்டும். ஆபீசர் அவரைப் பார்த்துப் பேசினால் அவர் என் பக்கம் கை காட்ட வேண்டும். முக்கியமாக, என் மேல் பரிதாபம் வேண்டாம். பரிதாபப்படுகிறவர்கள் என் பேச்சைச் சுருக்கிவிடுகிறார்கள்.

கணக்கு_வாத்தியார்:

ஓய்வு பெற்ற ஆசிரியன். காது கேளாத பிள்ளைகளுக்குப் பல வருஷம் பாடம் எடுத்தவன். கசப்பாக ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது காது கேட்க உள்காதில் பொருத்தும் கருவி, வைக்கிறார்கள். பேச்சுப் பயிற்சி கொடுத்தால் பேசுகிறார்கள். போனில் பேசினால் எழுத்தாக வருகிறது, தமிழில்கூட. இன்னும் பத்து வருஷத்தில் சைகை மொழிபெயர்ப்பாளருக்கு என்ன வேலை இருக்கும்? பெண் பிள்ளையை இரண்டு வருஷம் செலவழிக்கச் சொல்வதற்கு முன் அதையும் யோசியுங்கள். அவள் அப்பா சொல்வதில் தப்பில்லை.

கைபேசி:

வாத்தியார் ஐயா, நான் பேச்சுப் பயிற்சி எடுத்தவன். கண்ணாடி முன் உட்கார்ந்து "ப", "ம". இரண்டுக்கும் உதடு ஒன்றுதான். எனக்குப் பெயர் சொல்ல வந்தது, கணக்கு வரவில்லை, ஏனென்றால் கணக்கு பீரியடிலும் "ப", "ம" தான். கோபமாக எழுதவில்லை. நடந்தது.

பாளை_பாண்டியன்:

1880-ல் இத்தாலி மிலான் நகரத்தில் மாநாடு கூட்டி, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு வழிக் கல்விதான், கை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லாரும் காது கேட்கிறவர்கள். அதன் பலனை உலகம் முழுக்கப் பிள்ளைகள் நூறு வருஷம் அனுபவித்தார்கள். 2010-ல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அதற்காக வருத்தம் தெரிவித்தது. வாத்தியார் ஐயா, நீங்கள் அந்த ஆள் இல்லை என்று தெரியும். ஆனால் இம்ப்ளான்ட் எல்லாருக்கும் வைக்க முடியாது, வைத்த எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிப்பதும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் காது கேளாதோர் 50 லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரியவர்களை என்ன செய்வது? போன் எழுத்து வரும், சரி. எழுத்து வாசிக்கத் தெரியாத ஆத்தாவுக்கு? கையால் சொல்கிறவரை அந்தப் போன் என்ன செய்யும்?

கணக்கு_வாத்தியார்:

இம்ப்ளான்ட் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். வேலை விஷயத்தில் என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. யார் சம்பளம் கொடுப்பார்?

பத்திரக்கார_அண்ணாச்சி:

நான் பத்திர எழுத்தன். எந்தச் சார்பதிவாளர் ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை, எல்லா ஆபீசிலும் நடப்பதுதான்.

ஒரு விடுதலைப் பத்திரம் வந்தது. நாலு பேர், மூன்று அண்ணன் தம்பி, ஒரு தங்கச்சி. தங்கச்சிக்குக் காது கேட்காது, வாய் பேச வராது. வயல் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம், விலை நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெண் தன் பாகத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறது. எழுதியது நான் இல்லை, பக்கத்து ஆள். உள்ளே அதிகாரி கேட்டார், "இவுங்களுக்கு விவரம் தெரியுமா, சம்மதமா?" மூத்த அண்ணன் தங்கச்சி பக்கம் திரும்பி, வலது கையால் இடது உள்ளங்கையில் கையெழுத்துப் போடுவது போல் காட்டினார், அப்புறம் கட்டைவிரலைத் தூக்கினார். அந்தப் பெண்ணும் தலையாட்டிச்சு. "சம்மதம் சார்." முடிந்தது. ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. கேட்ட கேள்வி என்ன, காட்டிய கை என்ன? "கையெழுத்துப் போடு, நல்லது" என்றால் யார்தான் தலையாட்ட மாட்டார்கள்.

வெளியே வந்து அந்தப் பெண் கூட இருந்த மதினியிடம் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டது. மதினி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்குக் கை தெரியாது. வயல் பக்கம் போவது மாதிரி ஒரு கை, எத்தனை என்று கேட்பது மாதிரி ஒரு கை, அவ்வளவுதான் புரிந்தது.

வாத்தியார் ஐயா "யார் சம்பளம் கொடுப்பார்" என்கிறார். முத்திரைத்தாளுக்குக் கொடுக்கிறோம், பதிவுக் கட்டணம் கொடுக்கிறோம், எனக்குக் கொடுக்கிறார்கள், சாட்சிக்கு வந்தவனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறார்கள். இதற்கு மட்டும் காசு இல்லையா?

கோர்ட்_வாசல்:

அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டு உட்கார முடியவில்லை. வழக்கறிஞனாக நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

வாய்மொழியாகச் சாட்சி சொல்ல இயலாதவர் எழுதியோ சைகையாலோ சொல்லலாம், அதுவும் வாய்மொழிச் சாட்சியமே என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 119-ஆம் பிரிவே சொன்னது. 2013 திருத்தத்தில் கூடுதலாக, நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெற வேண்டும், அந்த வாக்குமூலத்தை வீடியோவில் பதிய வேண்டும் என்று சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் இது 125-ஆம் பிரிவு. மொழிபெயர்ப்பாளரும் சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும், 1969 சத்தியப் பிரமாணச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வீடியோ இருப்பதால் நீங்கள் மாற்றிச் சொன்னால் மறுநாள் எதிர்த்தரப்பு இன்னொரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் காட்டிவிடும். அதனால் தெரியாத கை வந்தால் "எனக்கு விளங்கவில்லை, மறுபடி கேட்க அனுமதி வேண்டும்" என்று நீதிபதியிடம் சொல்லும் தைரியம் வேண்டும். அதைப் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும்.

சான்றிதழ் தேவையா என்ற கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. 2020 போக்சோ விதிகளின்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மொழிபெயர்ப்பாளர்கள், சிறப்புக் கல்வியாளர்கள் பட்டியல் ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதில் வரும் சைகை மொழிபெயர்ப்பாளருக்கு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்திலோ ஆர்.சி.ஐ. ஏற்ற நிறுவனத்திலோ பெற்ற தகுதி வேண்டும். அவர்களுக்குக் கட்டணமும் உண்டு. கை நன்றாகத் தெரிந்த சித்தப்பா வந்தால் போதாது. பல வழக்குகளில் அந்தச் சித்தப்பாவேதான் எதிரி.

உச்ச நீதிமன்றத்தில் 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு வாதாடினார். டெல்லியில் முடிந்தது இங்கே திருநெல்வேலியில் முடியாதா?

வார்டு_சிஸ்டர்:

ஆஸ்பத்திரிக் கதையும் அதேதான். கர்ப்பிணிப் பெண் வருவாள், கூட மாமியார். டாக்டர் கேட்பதற்கெல்லாம் பதில் மாமியாரிடமிருந்து வரும். "வலி இருக்கா?" "அதெல்லாம் இல்ல சார்." அந்தப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாஸ்க் போட்டிருப்பதால் உதடும் தெரியாது. நாங்கள் மாத்திரையைக் காட்டி, வாயைக் காட்டி, சூரியன் உதிப்பது, மறைவது என்று ஏதோ செய்கிறோம். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பது வரும்போது தொலைந்தோம்.

மொழிபெயர்ப்பாளரை உள்ளே விட்டால் ரகசியம் வெளியே போகுமே என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. அது எப்படி?

கோவை_ரெண்டாம்வருஷம்:

சிஸ்டர், நடத்தை விதி என்று தனியாகவே படிக்கிறோம். பார்த்தது கேட்டது எதையும் வெளியே சொல்லக் கூடாது. வீட்டிலும் சொல்லக் கூடாது. ஊர் சின்னது, காது கேளாதோர் கூட்டம் இன்னும் சின்னது. ஒரு வார்த்தை நழுவினால் சாயங்காலத்துக்குள் தென்காசி வரை வீடியோ காலில் போய்விடும், அப்புறம் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். டாக்டருக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் நிற்போம். அப்போதுதான் நோயாளிக்கு டாக்டர் முகமும் எங்கள் கையும் ஒரே பார்வையில் விழும். ஜன்னல் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, வெளிச்சத்தில் முகம் கறுத்துப் போகும். பூப்போட்ட சேலை, கட்டம் போட்ட சட்டை, கலகலவென்ற வளையல், கல் மோதிரம் வேண்டாம். கையின் நிறத்தோடு கலக்காத ஒற்றை நிற உடை.

பேசியதைக் கையால் சொல்வது ஓரளவு சீக்கிரம் வந்துவிடும். கையைப் பார்த்து வாயால் பேசுவதுதான் எங்கள் எல்லாரையும் அழ வைக்கிறது. அவர் முடிக்கும் வரை காத்திருந்தால் முதல் பாதி மறந்துவிடும், உடனே ஆரம்பித்தால் வாக்கியம் வேறு பக்கம் போய்விடும். எவ்வளவு பின்தங்கி வர வேண்டும் என்று பிடிபடுவதற்கே ஒரு வருஷம் போகிறது.

பெரிய நிகழ்ச்சி என்றால் இரண்டு பேர். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். அதற்கு மேல் மூளை களைத்து விடுகிறது. கை ஓடிக்கொண்டே இருக்கும், சொல் விட்டுப் போவது நமக்கே தெரியாது. இதைக் கூட்டம் நடத்துகிறவர்களிடம் சொன்னால் "ரெண்டு பேருக்கா காசு?" என்பார்கள்.

பாளை_பாண்டியன்:

காசுக்கு வந்தோம். இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி மாதம் ஓட்டுவது இன்றைக்குக் கடினம். சென்னை என்றால் காது கேளாதோர் படிக்கும் கல்லூரி வகுப்புகள் இருக்கின்றன, மாநிலக் கல்லூரியிலேயே இருக்கிறது. கம்பெனிகள் வேலைக்கு எடுக்கின்றன. இங்கே சிறப்புப் பள்ளி, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாள், எப்போதாவது ஒரு கோர்ட் கேஸ், தேர்தல் விழிப்புணர்வு நிகழ்ச்சி. கல்யாண வீட்டுக்கும் கூப்பிடுவார்கள், அங்கே சாப்பாடுதான் சம்பளம்.

என் கோபம் எங்கே என்றால், "சேவைதானே தம்பி" என்பவர்களிடம். மைக் செட்காரருக்கு சேவை இல்லை, பந்தல்காரருக்கு சேவை இல்லை, எனக்கு மட்டும் சேவையா? நான் ஓசியில் போனால் அடுத்து படித்துவிட்டு வரும் பிள்ளைக்கும் ஓசிதான். அதனால் இப்போது சும்மா போவதில்லை. காது கேளாதவர் சொந்தக் கையிலிருந்து கொடுப்பதாக இருந்தால் அது வேறு, அப்போது நான் வாங்குவதில்லை. ஆபீஸ் கூப்பிட்டால் ஆபீஸ் கொடுக்க வேண்டும்.

கைபேசி:

பாண்டியன் வாங்காமல் இருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குச் சம்பளம் இருக்கிறது, நான் கொடுப்பேன். வாங்காத ஆளிடம் "லேட்டாக வந்தாய்" என்று நான் எப்படிச் சண்டை போடுவது?

பாளை_பாண்டியன்:

அண்ணாச்சி, நேரில் பேசுவோம்.

கைபேசி:

பேசுவோம். காசோடு வருகிறேன்.

அல்வாக்கடை_ஓரம்:

இப்பத்தான் இழை சூடு பிடிக்குது.

நாங்குநேரிக்காரி:

எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாத்தியார் ஐயா பதிவு வந்ததும் "பார்த்தியா" என்றார். அண்ணாச்சி எழுதிய பத்திர ஆபீஸ் கதை வந்ததும் பேச்சு இல்லை. எங்கள் பாட்டி வழியிலும் ஒரு விடுதலைப் பத்திரம் உண்டு, அதில் கை தெரியாத பிரச்சினை இல்லை, எழுத்துத் தெரியாத பிரச்சினை. கடைசியில் "பி.எட்.டும் அப்ளிகேஷன் போடு, இதுவும் போடு" என்று இறங்கி வந்திருக்கிறார்.

இப்போது என் குழப்பம் திருவனந்தபுரமா கோவையா என்பது. திருவனந்தபுரம் என்றால் நாகர்கோவில் வழியாக ரயிலில் போய் வார இறுதியில் வீட்டுக்கு வந்துவிடலாம். கோவை ஒரு ராத்திரிப் பயணம். ஆனால் அங்கே எல்லாரும் மலையாளமாக இருந்தால் எனக்குப் பின்னால் சிக்கல் வருமா?

கோவை_ரெண்டாம்வருஷம்:

கைக்குச் சிக்கல் வராது, உதட்டுக்கு வரும். கை காட்டும்போது பலர் சத்தமில்லாமல் உதட்டால் ஒரு சொல்லை அசைப்பார்கள். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கைகளை அந்த உதடுதான் பிரித்துக் காட்டும். நம்ம ஆட்கள் தமிழில் அசைப்பார்கள், அங்கே மலையாளத்தில். இங்கே திரும்பி வந்து வேலை பார்ப்பதாக இருந்தால் அதைப் பழகிக்கொள்ள வேண்டும். குரல் கொடுக்கும் பயிற்சியும் தமிழில் கிடைப்பது நல்லது. இரண்டு இடத்திலும் விண்ணப்பியுங்கள், எங்கே கிடைக்கிறதோ அங்கே போங்கள். சீட் கிடைப்பதே பெரிது.

பாளை_பாண்டியன்:

எங்கே படித்தாலும் லீவுக்கு வந்ததும் நேரே பாளைக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் ஆட்கள் மரத்தடியில் நிற்பார்கள், மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து பேசுவார்கள். அங்கே போய் ஓரமாக நில்லுங்கள். முதலில் ஒன்றும் புரியாது, அவ்வளவு வேகம். அம்பாசமுத்திரம் பக்கம் மலையோரக் கிராமங்களிலிருந்து பள்ளிக்கே போகாதவர்களும் வருவார்கள். அவர்கள் வீட்டில் தாங்களே உண்டாக்கிக்கொண்ட கைதான் அவர்களுக்குத் தெரியும். எனக்கே விளங்காது. கைபேசி அண்ணாச்சிக்கு விளங்கும். அவர் அதை எனக்குக் காட்ட, நான் குரல் கொடுக்க, அப்படி இரண்டு கட்டமாகச் செய்திருக்கிறோம். அந்த மாதிரி நேரத்தில் காது கேளாதவரே முதல் மொழிபெயர்ப்பாளர், நாம் இரண்டாவது.

தெரு அக்காவை விட்டுவிடாதீர்கள். இதுவரை உங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான்.

கணக்கு_வாத்தியார்:

பிள்ளை போகட்டும், நான் தடுக்கவில்லை. ஒரு உபகாரம்: கணக்குப் பாடத்துக்குரிய சொற்களை யாராவது வீடியோவில் போட்டிருக்கிறார்களா? பேரன் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறான், நான் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு பின்னம் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

கோவை_ரெண்டாம்வருஷம்:

ஐயா, டெல்லி மையத்தின் யூடியூபிலும் திக்ஷா தளத்திலும் அகராதி முழுக்க இருக்கிறது, பாடச் சொற்களும் உண்டு. 2024 டிசம்பரில் மத்திய அரசின் பி.எம். இ-வித்யா கல்வி டிவியில் சைகை மொழிக்கென்று 31-ஆம் எண் சேனலும் தொடங்கினார்கள். பின்னத்துக்கு கைபேசி அண்ணனிடம் கேளுங்கள், அவர் பள்ளியில் கணக்கில் கோட்டை விட்டதைப் பின்னால் பிடித்துவிட்டார்.

வார்டு_சிஸ்டர்:

அவசரமாக ஒன்று. எங்கள் ஓ.பி.க்கு அடுத்த வாரம் ஒரு பெண் வருகிறார், [நெறியாளரால் நீக்கப்பட்டது]

கைபேசி:

சிஸ்டர், ஊர், மாதம் எல்லாம் இங்கே எழுதாதீர்கள். அந்தப் பக்கத்தில் யார் என்று எனக்கு இப்போதே தெரிந்துவிட்டது.

நெறியாளர்:

மேலே உள்ள பதிவில் அடையாளம் தெரியும் பகுதியை நீக்கிவிட்டேன். தொலைபேசி எண்களையும் பொதுவில் போட வேண்டாம், தனிமடலில் பேசிக்கொள்ளுங்கள்.

வார்டு_சிஸ்டர்:

சரி, புரிந்தது. பாண்டியன் தம்பி, திங்கள் காலை வர முடியுமா? மேலிடத்தில் கேட்டேன், "இதுக்கெல்லாம் நிதி ஒதுக்கீடு இல்ல" என்றார்கள். பஸ் காசும் சாப்பாடும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாளை_பாண்டியன்:

வருகிறேன் அக்கா. உங்கள் கைக்காசு வேண்டாம். வேலை முடிந்ததும் என் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணோடு ஒரு பில் தருகிறேன், முறைப்படி ஆபீசில் கொடுங்கள். தர மாட்டோம் என்றால் அதை எழுத்தில் வாங்கித் தாருங்கள்.

கோர்ட்_வாசல்:

எழுத்தில் வாங்குங்கள் சிஸ்டர், தேதியோடு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 25-ஆம் பிரிவு, மருத்துவமனையில் தடையற்ற அணுகல். அந்தத் தாள் எனக்கு வேண்டும்.

பத்திரக்கார_அண்ணாச்சி:

மனு நான் எழுதித் தருகிறேன். இதற்குக் காசு கேட்பேன், பாண்டியன் சொன்ன நியாயப்படி.